சுற்றுலாவின் மூன்று கணக்குகள்: திருவனந்தபுரம் தரும் பாடம்

ஓர் இடத்தின் சுற்றுலா வளர்ச்சியை அளக்க நாம் இதுவரை பெரிதும் நம்பி வந்த அளவுகோல் ஒன்றே. எத்தனை பேர் வந்தனர் என்பதே அது. 2023-ஆம் ஆண்டில் கேரள மாநிலத்திற்கு உள்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 2 கோடியே 18 இலட்சம் பேரும், வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம் பேரும் வந்தனர். இவ்விரு எண்களையும் ஒப்பிட்டால், வெளிநாட்டார் ஒருவர் வந்தபோது நம் நாட்டார் முப்பத்து மூன்று பேருக்கு மேல் வந்திருக்கின்றனர் என்பது விளங்கும். சுற்றுலாப் பயணி என்றவுடன் வெளிநாட்டாரையே நினைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. உண்மையில் இன்றைய பயணி நாமே. ஆதலால் சுற்றுலாவின் பயனில் நமக்குப் பங்கு இருப்பதுபோல் அதன் பொறுப்பிலும் பங்கு உண்டு.

வந்தவர்களின் எண்ணிக்கை சில செய்திகளைச் சொல்வதில்லை. அவர்கள் செலவிட்ட பணத்தில் எவ்வளவு அவ்வூரிலேயே தங்கியது? அவர்கள் விட்டுச் சென்ற குப்பையும் கழிவுநீரும் எங்கே போயின? இன்னும் எத்தனை பேரை அந்த இடம் தாங்கும்? இம்மூன்று கேள்விகளையும் வரவு, கழிவு, வரம்பு என்னும் மூன்று கணக்குகளாகக் கொள்ளலாம். இவை ஒழுங்காக எழுதப்படும் இடத்தில்தான் சுற்றுலா நிலைத்து நிற்கும். கடற்கரையும், பழம்பெரும் கோயில்களும், உயர்ந்த மலையும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ள திருவனந்தபுரத்தின் பட்டறிவைக் கொண்டு இக்கணக்குகளை ஆராய்வோம்.

பொறுப்புச் சுற்றுலா என்பதன் பொருள்

2002-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் வெளியிடப்பட்ட பிரகடனம் பொறுப்புச் சுற்றுலாவுக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தது. ஓர் ஊர் முதலில் அங்கு வாழ்வோருக்கு நல்ல இடமாக இருத்தல் வேண்டும். அதன் பின்னரே காண வருவோருக்கு நல்ல இடமாக அமைய இயலும் என்பது அதன் சாரம். சூழலைக் காத்தல் மட்டும் இதில் அடங்கிவிடாது. ஊர் மக்களின் பொருளாதார நலனும், அவர்களுடைய பண்பாட்டுக்கு உரிய மதிப்பும் இதன் இரு தூண்களாகும்.

கேரளத்தில் இதனை ‘உத்தரவாதித்த டூரிசம்’ என்பர். மலையாளத்தில் உத்தரவாதித்தம் என்றால் பொறுப்பு. தமிழில் உத்தரவாதம் என்றால் பிணை. இரு பொருளும் இங்குப் பொருந்துவன. பொறுப்பேற்றுக்கொண்டவர் விளைவுக்குப் பிணையாகவும் நிற்க வேண்டும் அல்லவா?

கோவளத்தின் எழுச்சி

திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கோவளம் உள்ளது. சென்னையை அடுத்துள்ள கோவளத்திலிருந்து இது வேறானது. பாறை முனைகளால் பிரிக்கப்பட்ட சிறு சிறு வளைகுடாக்களாக அமைந்த இக்கரையில், 1930-களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஹால்சியன் மாளிகை எழுந்தது. 1972-இல் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் திறக்கப்பட்டது. இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்த கடற்கரை விடுதி 1974-இல் நிறைவுற்றது. குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அச்சரிவோடு இயைந்து படிப்படியாக இறங்கும் வகையில் அவர் அறைகளை அமைத்தார். நிலத்தின் இயல்புக்குக் கட்டடம் பணிந்துபோக வேண்டும் என்னும் நெறி அவ்வடிவமைப்பில் விளங்கியது.

பின்னர் எழுந்த எல்லாக் கட்டடங்களும் அந்நெறியைப் பின்பற்றின என்று கூற இயலாது. 1986-இல் கேரள அரசு சுற்றுலாவை ஒரு தொழிலாக அறிவித்தது. முதலீடு பெருகியது. கலங்கரை விளக்கக் கடற்கரையை ஒட்டி விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் நெருங்கி எழுந்தன. கடற்கரைகளில் கட்டடங்கள் பெருகுவதன் தீங்கு முன்னரே உணரப்பட்டிருந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழாமல் காக்குமாறு பிரதமர் இந்திரா காந்தி 1981-இலேயே கடலோர மாநிலங்களின் முதலமைச்சர்களுக்கு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. ஆயினும் கோவளத்தின் முகப்பைப் பார்ப்போர், சட்டம் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் கடற்கரையின் விளிம்பு எவ்வளவு நிரம்பிவிட்டது என்பதை எளிதில் உணர்வர்.

அதே கரையில் மீனவர் வாழ்கின்றனர். வலையை உலர்த்தவும், படகை ஏற்றி வைக்கவும், கரைவலையை இழுக்கவும் அவர்களுக்கு மணற்பரப்பு வேண்டும். பயணிக்கு அது பொழுதுபோக்கிடம், மீனவருக்குத் தொழிற்களம். இருவருக்கும் உரிய பங்கைத் திட்டமிட்டு ஒதுக்காவிடில், பணவலிமை உள்ளவருடைய தேவையே வெல்லும் என்பது கோவளம் கற்பிக்கும் முதற்பாடம்.

முதற்கணக்கு: வரவு

ஒரு விடுதியில் விருந்தினர் நூறு ரூபாய் செலுத்துகிறார் என வைத்துக்கொள்வோம். அரிசியும் காய்கறியும் வெளியூர்ச் சந்தையிலிருந்து வருகின்றன. பணியாளர் பலர் வேற்றூரார். உரிமையாளர் தொலைநகரில் வாழ்பவர். விற்கும் கைவினைப் பொருளும் வேறு மாநிலத்தில் செய்யப்பட்டது. இந்நிலையில் அந்த நூறு ரூபாய் ஊருக்குள் நுழைந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். பொருளியலார் இதனைக் ‘கசிவு’ என்பர். கசிவு மிகுந்த இடத்தில் பயணிகள் பெருகினாலும் ஊர் செழிப்பதில்லை. நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் மட்டுமே ஏறும். அந்த ஏற்றத்தின் சுமை உள்ளூர் ஏழைகளின் தோள்மீது விழும்.

இக்கசிவை அடைக்கும் முயற்சிக்குத் திருவனந்தபுரத்திலேயே வித்திடப்பட்டது. 2007 பிப்ரவரியில் இந்நகரில் நடைபெற்ற மாநில அளவிலான கூட்டத்தில் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் உருப்பெற்றது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்கள் முன்னோடி இடங்களாகத் தெரிவு செய்யப்பட்டன.

இவற்றுள் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையிலுள்ள குமரகம் அடைந்த வெற்றி குறிப்பிடத்தக்கது. விடுதிகளுக்கு வேண்டிய காய்கறி, முட்டை, மீன் முதலியவற்றை உள்ளூரிலேயே வாங்கச் செய்வது திட்டத்தின் மையக் கருத்து. ஊராட்சியும், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும், விடுதி நிருவாகத்தினரும் ஒன்றாக அமர்ந்து பொருளின் விலையையும் தரத்தையும் முடிவு செய்தனர். தரிசாகக் கிடந்த நிலங்கள் மீண்டும் பயிரேறின. கயிறு திரித்தல், ஓலை முடைதல் போன்ற ஊர்த்தொழில்களைப் பயணிகள் நேரில் கண்டு, அத்தொழில் செய்யும் குடும்பங்களுக்கே கட்டணம் செலுத்தும் கிராம வாழ்க்கைச் சுற்றுலாவும் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு 2013-ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருதை இம்முயற்சிக்கு வழங்கியது. 2017-இல் இத்திட்டம் மாநிலம் முழுவதற்குமான பொறுப்புச் சுற்றுலா இயக்கமாக விரிவாக்கப்பட்டது.

கோவளத்தில் இத்திட்டம் குமரகத்தைப்போல் வேரூன்றவில்லை. காரணங்களைக் காண்பது கடினமன்று. குமரகத்தில் சுற்றுலா வந்தபோது ஊராட்சியும் வயலும் உயிர்ப்போடு இருந்தன. விடுதிகள் சிலவே, அவற்றோடு பேசி உடன்பாடு காண்பது இயன்றது. கோவளத்திலோ சுற்றுலா பல பத்தாண்டுகளாக அதன் போக்கில் வளர்ந்துவிட்டது. சிறிதும் பெரிதுமாக எண்ணற்ற விடுதிகளும், குத்தகைக்கு எடுத்து நடத்தப்படும் கடைகளும் அங்கு உள்ளன. கடற்கரைக் குடியிருப்பில் உழவுக்கு நிலமும் குறைவு. முறைப்படுத்துதல் தொடக்கத்திலேயே நிகழ வேண்டும். வளர்ந்த பின் வளைப்பது அரிது.

எனினும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. கோவளத்திற்கு அண்மையில் வெள்ளாயணி ஏரி உள்ளது. அதைச் சுற்றிய வயல்களில் காய்கறி பயிரிடும் உழவர்கள் உள்ளனர். வேளாண் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. விழிஞ்ஞத்தில் மீன் இறங்குகிறது. உழவர், மீனவர், விடுதியார் ஆகிய மூவரையும் ஆண்டு முழுவதற்குமான கொள்முதல் உடன்பாட்டால் இணைத்தால் கசிவு பெருமளவு குறையும். குமரகம் காட்டிய வழி அதுவே.

இரண்டாம் கணக்கு: கழிவு

விருந்தினர் விட்டுச் செல்லும் கழிவு எங்கோ ஓரிடத்தைச் சென்றடைந்தே தீர வேண்டும். அந்த ‘எங்கோ’ என்பது பெரும்பாலும் மற்றொரு மனிதர் வாழும் ஊராகவே இருக்கிறது. இவ்வுண்மையைத் திருவனந்தபுரம் கடுமையான முறையில் கற்றது.

2000-ஆம் ஆண்டு முதல் நகரின் குப்பை, அண்டையிலுள்ள விளப்பில் ஊராட்சியின் விளப்பில்சாலையில் அமைக்கப்பட்ட ஆலைக்கு அனுப்பப்பட்டது. அங்குக் குவிந்த குப்பையால் காற்றும் நீரும் கெட்டன என்று ஊர் மக்கள் முறையிட்டனர், ஆண்டுக்கணக்கில் போராடினர். 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. ஒரே நாளில் தலைநகரம் தன் குப்பையைக் கொட்ட இடமின்றி நின்றது. நெருக்கடியிலிருந்து புதிய வழி பிறந்தது. உணவுக் கழிவை வீட்டிலும் வட்டாரத்திலும் உரமாக்கும் தொட்டிகளும் சாண எரிவாயுக் கலன்களைப் போன்ற சிறு கலன்களும் பரவலாயின. மட்காத குப்பையை வீடு வீடாகச் சென்று சேகரிக்கும் ஹரித கர்ம சேனை என்னும் மகளிர் படை இன்று மாநிலம் முழுவதும் பணியாற்றுகிறது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குக் கேரளத்தில் தடை விதிக்கப்பட்டது.

இவ்வழியைக் கோவளம் அதற்கு முன்பே சுட்டிக்காட்டியது என்பது பலர் அறியாதது. 2000-ஆம் ஆண்டளவில் கோவளத்தின் குப்பையை எரிக்க ஓர் எரிஉலை அமைக்கத் திட்டமிடப்பட்டது. எரித்தால் குப்பை மறையும், நச்சுப்புகை மிஞ்சும் என்று தணல் என்னும் தன்னார்வ அமைப்பு எதிர்த்தது. எதிர்ப்போடு நின்றுவிடாமல், ‘கழிவில்லாக் கோவளம்’ என்னும் மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்துச் செயற்படுத்தியது. பழைய செய்தித்தாளிலிருந்து பைகளும், தையற்கடைத் துண்டுத் துணிகளிலிருந்து பயன்படு பொருள்களும், தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கரண்டியும் கிண்ணமும் செய்ய உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கழிவுக் கணக்கைச் சரிசெய்யும் முயற்சி வரவுக் கணக்கையும் உயர்த்தக்கூடும் என்பதற்கு இது சான்று.

இக்கணக்கைப் புறக்கணித்தால் நேரும் விளைவுக்கு உலக எடுத்துக்காட்டும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் புகழ்பெற்ற போரக்காய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்து கேடு முற்றியதால், 2018-இல் அத்தீவையே ஆறு மாதம் பயணிகளுக்கு மூட வேண்டியதாயிற்று. முன்னரே செய்திருக்க வேண்டிய செலவைத் தவிர்த்தவர்கள், ஆறு மாத வருமானம் முழுவதையும் இழந்தனர்.

ஒரு நாள் பெருங்கூட்டம்

ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வரும் பயணிகளைவிட ஒரே நாளில் திரளும் பெருங்கூட்டம் கழிவுக் கணக்குக்குக் கடுஞ்சோதனை. திருவனந்தபுரத்தில் கும்ப மாதத்தில் நிகழும் ஆற்றுக்கால் பொங்காலை அத்தகையது. ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகவே போற்றும் மரபு உண்டு. ஆதலால் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் பெருந்திரளாகச் செல்கின்றனர். 2009-இல் இவ்விழாவில் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அடுப்புக்களாக மாறும் நாள் அது.

அண்மை ஆண்டுகளில் இவ்விழாவுக்குப் பசுமை நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. உணவும் குடிநீரும் வழங்குவோர் நெகிழித் தட்டுகளையும் குவளைகளையும் விலக்கி, கழுவிப் பயன்படுத்தக்கூடிய எஃகுப் பாத்திரங்களைப் பயன்படுத்துமாறு வலியுறுத்தப்படுகின்றனர். நைவேத்தியம் முடிந்தவுடன் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள் இறங்கித் தெருக்களை விரைந்து தூய்மை செய்கின்றனர். அடுப்புக் கூட்டிய செங்கற்கள் முன்பு வீணாகச் சிதறிக் கிடந்தவை. இப்போது மாநகராட்சி அவற்றைத் திரட்டி, லைஃப் திட்டத்தின்கீழ் ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது. ஒரு நாள் வழிபாட்டின் எச்சம் ஒரு குடும்பத்தின் சுவராகிறது.

கூட்டம் பெரிது என்பதாலேயே குப்பையும் பெரிதாகத்தான் இருக்கும் என்னும் எண்ணம் தவறு என்பதை இது மெய்ப்பிக்கிறது. தேவையானவை மூன்று: முன்கூட்டிய திட்டம், தெளிவான விதி, அவ்விதியைத் தம் விதியாக ஏற்கும் மக்கள்.

மூன்றாம் கணக்கு: வரம்பு

நகரத் தெருவை மாலைக்குள் கழுவிவிடலாம்; காட்டை அவ்வாறு கழுவ இயலாது. சில இடங்களில் வருவோரின் எண்ணிக்கைக்கே எல்லை வகுத்தாக வேண்டும். அத்தகைய இடம் இம்மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்குமிடத்தில் உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலை. தமிழ் முனிவரின் உறைவிடமாக நம் மரபு போற்றும் இம்முடியின் உயரம் 1,868 மீட்டர். இதனைச் சூழ்ந்த காடுகள் 2001-இல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 2016-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள வலையமைப்பில் இடம்பெற்றன. கிழக்கே தாமிரவருணியும் மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இம்மலைத் தொகுதியிலிருந்தே பிறக்கின்றன. கரமனையாற்றின் பேப்பாறை, அருவிக்கரை நீர்த்தேக்கங்களே திருவனந்தபுரம் நகரின் தாகத்தைத் தணிக்கின்றன. ஆகவே மலையின் நலம் நகரின் குடிநீராகும்.

கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டித் தொடங்கும் சில வாரங்களே பருவ மலையேற்றத்திற்கு ஒதுக்குகிறது. நாளொன்றுக்கு நூறு பேருக்கு மிகாமல் இணையவழிப் பதிவு மூலம் அனுமதி அளிக்கப்பட்டு வந்துள்ளது. போனக்காட்டிலிருந்து புறப்படும் பயணிகள் அதிருமலையில் இரவு தங்கி மறுநாள் முடியேறுவர். நெகிழியும் மதுவும் புகையும் விலக்கப்பட்டவை. காட்டின் பழங்குடியினரான காணிகள் வழிகாட்டிகளாகச் செல்கின்றனர்; ஆதலின் வரவின் ஒரு பகுதி காட்டின் மக்களையே சேர்கிறது.

வரம்பு யாரை விலக்கலாம், யாரை விலக்கக் கூடாது என்பதும் இங்கேயே எழுந்த கேள்வி. பெண்கள் மலைமுடி ஏறுவதற்கு இருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2018-இல் நீக்கியது. 2019 ஜனவரி முதல் பெண்களும் ஏறுகின்றனர். மலையைப் புனிதமெனக் கருதும் காணிகளிடையே இதற்கு எதிர்ப்பு இருந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும்; ஆனால் அவ்வரம்பு பிறப்பைப் பார்த்து அமையலாகாது. அதே வேளையில், அங்கு வாழ்வோரின் நம்பிக்கைகளை மதித்து நடப்பதும் ஏறுவோர் ஒவ்வொருவரின் கடமை.

வழிகாட்டியின் உழைப்புக்கு மட்டுமன்றி அவருடைய அறிவுக்கும் விலை உண்டு என்பதற்கும் இம்மலையே சான்று. 1987-இல் இக்காட்டிற்குச் சென்ற ஆய்வாளர்கள், உடன் வந்த காணிகள் களைப்பு நீங்க ஒரு செடியின் காய்களை உண்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1990-களின் இடையில் அதன் தயாரிப்பு உரிமை 10 இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் அளிக்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கென முடிவு செய்யப்பட்டது. அதனைப் பெற அவர்கள் பெயரால் 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பின்னர் அதன் நடைமுறையில் இடர்கள் தோன்றின எனினும், காட்டுக்குச் செல்லும் எவரும் காட்டின் மக்களுக்குக் கடன்பட்டவரே என்னும் நெறி நிலைபெற்றது.

வரம்பு விதித்தல் இன்று காட்டுக்கு மட்டும் உரியதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நாளொன்றுக்கு நுழையும் ஊர்திகளின் எண்ணிக்கைக்கும் எல்லை குறிக்கப்பட்டது. இத்தாலியின் வெனிஸ் நகரம் பகற்பொழுது மட்டும் வந்து செல்லும் பயணிகளுக்கு 2024-இல் நுழைவுக் கட்டணம் விதித்தது. இவை பயணத்தை வெறுப்பவர்கள் கொண்டுவந்த தடைகள் அல்ல; காணத்தக்கவை எஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள்.

செய்ய வேண்டியவை

மேற்கூறிய பட்டறிவிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, சுற்றுலாத் துறை வெளியிடும் ஆண்டுக் கணக்கில் வருகை எண்ணிக்கையோடு, ஒவ்வோர் இடத்திலும் உள்ளூரில் வாங்கப்பட்ட பொருளின் மதிப்பும், உள்ளூரார் பெற்ற வேலையும், சேர்ந்த கழிவின் அளவும் இடம்பெறுதல் வேண்டும். எழுதப்படாத கணக்கு எவராலும் கேட்கப்படுவதில்லை.

இரண்டாவதாக, ஊராட்சியும் நகராட்சியும் சுற்றுலாத் திட்டத்தின் பார்வையாளராக இராமல் பங்காளியாக வேண்டும். விடுதி எழுவதற்கு முன்பே அதன் நீர்த்தேவை, கழிவுநீர் வழி, உள்ளூர்க் கொள்முதல் ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை ஊருக்கு இருத்தல் வேண்டும். குமரகத்தின் வெற்றிக்கும் கோவளத்தின் தடுமாற்றத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுவே.

மூன்றாவதாக, பயணியாகிய நாம் செய்யக்கூடியவை சிறியனவாயினும் பயனற்றவை அல்ல. தங்குமிடத்தில் உணவுப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். தண்ணீர்க் குப்பியை வீட்டிலிருந்தே கொண்டு செல்லலாம். கைவினைப் பொருளைச் செய்தவரிடமே வாங்கலாம். அனுமதி கிடைக்காத நாளில் வேறு நாளுக்குக் காத்திருக்கலாம். ஆயினும் தனிமனிதரின் நல்லெண்ணம் விதிக்கு மாற்றாகாது. விதியும் நல்லெண்ணமும் இணைந்தபோதுதான் பொங்காலைத் தெரு மாலைக்குள் தூய்மையாயிற்று.

கோவளத்தின் மணல், விளப்பில்சாலையின் காற்று, அகத்தியர் மலையின் ஊற்று ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்தின் செல்வங்கள். அவற்றைக் காண வருவோர் சில நாள் விருந்தினர். விருந்தோம்பலில் வீட்டாருக்குக் கடமை இருப்பதுபோல் விருந்தினருக்கும் கடமை உண்டு. விருந்தினர் விடைபெற்ற பின் அவ்வீடு முன்னிலும் வறியதாகிவிடலாகாது. வரவு, கழிவு, வரம்பு ஆகிய மூன்று கணக்குகளையும் ஒருசேர எழுதத் தொடங்கும் நாளில்தான் சுற்றுலா வளர்ச்சி என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.